பாதிச் சாடித் தண்ணீர்

வியாழக்கிழமை, பிற்பகல் 3.40

குடிவரவு மேசையில் இருந்த இளம்பெண் என் ஜேர்மன் கடவுச்சீட்டைப் புரட்டிக்கொண்டே, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்டாள். இதற்கு முன் மூன்று தடவை ரொறன்ரோ வந்திருக்கிறேன். மூன்று தடவையும் "மகளைப் பார்க்க" என்று சொல்லி ஒரு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். இந்தத் தடவையும் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஃபிராங்ஃபேர்ட்டிலிருந்து எட்டரை மணி நேரம் ஒரே நினைப்போடு உட்கார்ந்து வந்ததாலோ என்னவோ, "ஒரு பாட்டுக் கச்சேரிக்கு" என்று வாய் சொல்லிவிட்டது.

"யாருடைய கச்சேரி?"

"நெர்மின் என்று ஒரு துருக்கிப் பாடகி. ரொக் பாட்டு."

நெற்றியில் திருநீறும் காலில் கம்பளிச் சப்பாத்துமாக நின்ற அறுபத்தாறு வயதுக் கிழவியை அவள் ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்து, "நன்றாகக் கேளுங்கள்" என்று கடவுச்சீட்டைத் தந்தாள். மகளுக்கே சொல்லாத விஷயத்தை முன்பின் தெரியாத ஒருத்திக்குச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

வெளியே குளிர் மைனஸ் ஒன்பது. கொலோனில் மழை என்றால் இங்கே பனி. மகள் துளசி வேலையில், மருமகன் காந்தன் பிற்பகல் ஷிப்டில். அதனால் தெரிந்த டாக்சிக்காரர் ஒருவரை அனுப்பியிருந்தார்கள். பெயர் றூபன். ஐம்பது வயதிருக்கும். டோர்செட் பார்க்கில் பதினோராம் மாடியில் வீடாம். என் பெட்டியைத் தூக்கியவர், "அக்கா, இதுக்குள்ள என்ன, அம்மிக்கல்லோ?" என்று கேட்டார்.

விமான நிலையத்திலிருந்து மகள் இருக்கும் விட்பி எழுபது கிலோமீற்றர். வாகன நெரிசலில் ஒன்றே முக்கால் மணி நேரம் எடுத்தது. றூபன் நிறுத்தாமல் கதைத்தார். வாடகை, இன்ஷூரன்ஸ், முழங்கால் நோ என்று ஒன்றும் மிச்சமில்லை. இடையில் மூச்சு விட்டபோது நான் கேட்டேன்.

"தம்பி, விட்பியில இருந்து பார்க்டேல் எவ்வளவு தூரம்?"

"பார்க்டேலோ? நான் வந்து இறங்கினதே அங்கதான் அக்கா. ஜேம்சன் அவெனியூவில ஒரு அபார்ட்மெண்டில ஆறு பேர் இருந்தனாங்கள். இப்ப அங்க எங்கட சனம் குறைவு. எல்லாரும் கிழக்கால வந்திட்டினம். அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

"ஒரு பிள்ளை வருது. பார்க்க வேணும்."

"சொந்தமோ?"

என்ன சொல்வது? "பக்கத்து வீடு" என்றேன். பதினேழு வருடமாக நான் ஒரு சொல் பேசாத பக்கத்து வீடு என்பதைச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, காலை 6.20

துளசி ஒரு வங்கியில் வேலை செய்கிறாள். இருட்டோடு எழுந்து, கோப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினாள். காந்தன் நித்திரை. நான் ஜன்னலோரம் இருந்து விட்பியைப் பார்த்தேன். புதிதாகக் கட்டிய குடியிருப்பு. வீடுகள் எல்லாம் ஒரே நிறம், ஒரே கராஜ் கதவு. போன தடவை நடக்கப் போய்விட்டுத் திரும்பி வந்து, அடுத்த தெருவில் யாருடைய வீட்டு மணியையோ அடித்து, கதவைத் திறந்த சீனப் பெண்ணிடம் "துளசி எங்கே?" என்று அதட்டியிருக்கிறேன். அவசரக்குடுக்கை என்று என் கணவர் என்னைச் சொன்னது சும்மா இல்லை. அந்த அவசரம்தான் இந்தப் பயணத்துக்கும் காரணம்.

கொலோனில் எங்கள் வீடு மூன்றாம் மாடி. எதிர்க் கதவு நெர்மின் வீடு. தகப்பன் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை, தாய் பள்ளிக்கூடம் துப்புரவு செய்பவர். நாங்கள் குடி போனபோது நெர்மினுக்கு ஒன்பது வயது, துளசிக்குப் பதினொன்று. இரண்டும் பள்ளிக்கூடம் விட்டால் எங்கள் குசினியில்தான் இருக்கும். நான் கடலை வடை சுட்டால் எண்ணெய்ச் சட்டியில் இருந்து இறங்க முன்னமே நெர்மின் கை நீட்டுவாள். படியில் கண்டால் நான் கேட்கிற முதல் கேள்வி "சாப்பிட்டியோ?" என்பதுதான். அவள் என்னை "டெய்சே" என்பாள். துருக்கியில் சின்னம்மா, மாமி எல்லாவற்றுக்கும் அது ஒன்று போதும்.

அவள் பாடியது படிக்கட்டில். அங்கேதான் குரல் நன்றாக எதிரொலிக்கிறதாம். பதினாறு வயதில் மூன்று பெடியன்களோடு சேர்ந்து நிலக்கீழ் அறையில் பாண்ட் ஒன்று ஆரம்பித்தாள். கீழ்வீட்டு ஜேர்மன் கிழவர் தும்புத்தடியால் கதவில் இடிப்பார். எல்லாம் மற்றவர்களுடைய பாட்டு. "உன்ர பாட்டு எங்கை?" என்று கேட்டால், "எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை டெய்சே" என்பாள்.

துளசிக்கு இருபத்து நாலு வயதில் கனடாவில் கலியாணம் சரிவந்தது. என் கணவர் இறந்து ஐந்து மாதம். அவள் புறப்பட்ட நாள், பெட்டிகளை ஏற்றி, டாக்சி நகரத் தொடங்கியது. நான் தெருவில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் சளாரென்று தண்ணீர்ச் சத்தம். திரும்பிப் பார்த்தால் நெர்மின் ஒரு பெரிய கண்ணாடிச் சாடியோடு நின்று, என் பிள்ளை போன தடத்தில் தண்ணீர் ஊற்றுகிறாள்.

எங்கள் ஊரில் ஆள் பயணம் போனால் பின்னால் வாசலைக் கூட்டக்கூட மாட்டோம். சவம் படலையைத் தாண்டிய பிறகுதான் தண்ணீர் ஊற்றி வாசலைக் கழுவுவோம். ஐந்து மாதத்துக்கு முன் அதைப் பார்த்த கண் என்னுடையது. பாய்ந்து போய்ச் சாடியைப் பறித்தேன். மிச்சத் தண்ணீர் அவள் காலிலேயே கொட்டுண்டது. "என்ர பிள்ளை உயிரோடதான் போறாள். செத்ததுக்குச் செய்யிறதை ஏன் செய்யிறாய்? இனி என்ர வாசலுக்கு வராதை!" பாதி தமிழில், பாதி ஜேர்மனில், ஆறு வீட்டு ஜன்னலும் திறக்கக் கத்தினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நனைந்த காலோடு படியேறிப் போனாள். பின்னேரம் அவளுடைய தாய் வந்து கதவைத் தட்டினார். நான் திறக்கவில்லை.

இரண்டு மாதத்தில் நெர்மின் இஸ்தான்புல் போய்விட்டாள். அடுத்த வருடம் தாயும் தகப்பனும் வீட்டைக் காலி செய்துகொண்டு இஸ்மிருக்குத் திரும்பினார்கள். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கு அது இன்னும் மட்டு.

வெள்ளிக்கிழமை, பிற்பகல்

மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஒரு வைத்தியசாலைச் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். கட்டில் விரிப்புகளை இரண்டு பேர் நின்று மடிக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, கிட்ட வந்து, விலகி, மறுபடி கிட்ட வந்து. என்னோடு மடித்தவள் ஹதிஜே. துருக்கிக்காரி. அவளுடைய மகன் படிக்க வேறு நகரத்துக்குப் புறப்பட்ட நாள் என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தாள். மகன் காரில் ஏறினான். ஹதிஜே உள்ளே போய் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து காருக்குப் பின்னால் வீசினாள்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"தண்ணீரைப் போலத் தடையில்லாமல் போகட்டும், தண்ணீரைப் போலத் திரும்பி வரட்டும். இது தெரியாதா உனக்கு?"

தெரியாது. தெரிந்தபோது இரண்டு வருடம் பிந்திவிட்டது.

உடனேயே தேடிப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று என்னையே பல தடவை கேட்டிருக்கிறேன். முதலில் வெட்கம். பிறகு அவள் பெயர் எடுக்கத் தொடங்கிவிட்டாள். பெயர் வந்த பிறகு போனால், பெயருக்காகப் போனது போல இருக்காதா? அதனால் தூர நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய ஒவ்வொரு முன்னேற்றமும் எனக்குத் தெரியும்.

இஸ்தான்புல்லின் ஆசியக் கரையில் கடிக்கோய் என்ற பகுதியில், படகுத் துறைக்குக் கிட்ட ஒரு சின்ன மதுக்கடையில்தான் முதலில் பாடினாள். அவளுடைய துருக்கிப் பேச்சில் ஜேர்மன் வாடை அடிக்கிறது என்று அங்கே சிரித்தார்களாம். முதல் இசைத்தட்டை யாரும் கவனிக்கவில்லை. ஹதிஜே தன் தங்கையிடம் சொல்லி எனக்கு ஒன்று எடுப்பித்துத் தந்தாள். இரண்டாவதில் ஊர் வாத்தியமான பாக்லமாவைக் கிற்றார் போல மின்சாரத்தில் பூட்டி அலறவிட்டாள். வானொலிகள் போட்டன. எல்லாப் பாட்டும் அவளே எழுதியது. மூன்றாவதில் வந்தது "பாதிச் சாடி".

சலவைக் கூடத்தில் விரிப்பை மடித்தபடி ஹதிஜேதான் எனக்கு அந்தப் பாட்டைச் சொன்னாள். கிட்ட வரும்போது ஒரு வரி, விலகிப் போய்த் திரும்பி வரும்போது அடுத்த வரி. பாதியை உன் பாதையில் ஊற்றினேன், மீதி என் காலில், கால் இன்னும் காயவில்லை. "காதலன் விட்டுவிட்டுப் போன பாட்டு" என்றாள் ஹதிஜே. துருக்கி முழுக்க அப்படித்தான் நினைத்தது. நான் விரிப்பின் மூலையைக் கைவிட்டுவிட்டேன். வெள்ளை விரிப்பு நிலத்தில் விழுந்து, அதைத் திரும்பத் தோய்க்க வேண்டி வந்தது. அது யாரைப் பற்றிய பாட்டு என்று உலகத்தில் எனக்கு மட்டும் தெரியும்.

அதன் பிறகு திறந்தவெளி மைதானங்களில் பாடினாள். சுவரொட்டிகளில் அவள் முகம். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் முடிச்சு விழுந்தது. இரண்டு சத்திரசிகிச்சை. மாதக்கணக்கில் பேசவே கூடாது என்றார்களாம். திரும்பி வந்தபோது குரல் ஒரு கட்டை இறங்கியிருந்தது. பெரிய மைதானங்கள் போய்ச் சின்ன மண்டபங்கள் வந்தன. போன கார்த்திகையில் அவளே எழுதியிருந்தாள்: இதுதான் கடைசிச் சுற்று, இதன் பிறகு மேடை ஏற மாட்டேன். ஐரோப்பாவில் எல்லா இடத்திலும் சீட்டு முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது ரொறன்ரோவும் மொன்றியலும். ரொறன்ரோவில் ஞாயிறு பிற்பகல் நாலு மணி, பார்க்டேல், நாற்பத்திரண்டு டொலர். இரண்டு சீட்டு எடுத்தேன். இனி மேடை இல்லையென்றால் இனி அவளை நான் எங்கே தேடுவது?

ஞாயிற்றுக்கிழமை, நண்பகல் 12.45

காலையில் துளசி குசினிக்கு வந்தபோது நான் கடலை வடை சுட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆருக்கம்மா இவ்வளவு?"

"வெளிக்கிடு. உன்னை ஒரு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறன்."

"எங்கை? கோயிலுக்கோ?"

"ஓம், அப்பிடித்தான் வைச்சுக்கொள்."

ரயிலில் ஏறிய பிறகுதான் சொன்னேன். விட்பியிலிருந்து யூனியன் நிலையம் ஐம்பது கிலோமீற்றர், ஒரு மணி நேரம். றூஜ் ஹில்லைத் தாண்டியதும் தண்டவாளம் ஏரியை ஒட்டி ஓடும். கரையெல்லாம் பனிக்கட்டி, அதற்கு அப்பால் கடல் போலச் சாம்பல் தண்ணீர். அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிமுடித்தேன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை.

துளசியும் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அது என்னத்துக்கு எண்டு எனக்குத் தெரியும் அம்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"முதல் நாள் இரவே நெர்மின் எனக்குச் சொன்னவள். நாளைக்கு உனக்குத் தண்ணி ஊத்துவன், நீ கெதியா திரும்பி வர வேணும் எண்டு. நான் கார்க் கண்ணாடியால நீங்கள் அவளோட சண்டை பிடிக்கிறதைப் பார்த்துக்கொண்டுதான் போனனான்."

"ஏனடி எனக்குச் சொல்லேல்லை?"

"அப்பா போய் அஞ்சு மாசம். அப்ப உங்களிட்ட ஆர் வாய் திறக்கிறது? பிறகு சொல்லுவம் எண்டு விட்டனான். பிறகு அவள் என்ர கடிதத்துக்குப் பதில் போடேல்லை. அதோட எனக்கும் கோவம் வந்திட்டுது."

"ஆரில கோவம்?"

"உங்களிலதான், வேற ஆரில?" என்றாள். சொல்லிவிட்டு, என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

பதினேழு வருடத்தில் துளசி கொலோனுக்கு வந்தது ஒரே ஒரு தடவை. அதுவும் நாலு நாள். வேலை, லீவில்லை, ரிக்கெற் விலை என்று ஒவ்வொரு முறையும் காரணம் இருக்கும். நானும் நம்புவதாகக் காட்டிக்கொள்வேன். அந்தக் காரணங்களுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அந்த ரயிலில் விளங்கியது. அழுகை வந்தது. முன்னால் இருந்த ஒரு மனிதர் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் 2.20

யூனியனில் இறங்கி வடக்கே கொஞ்சம் நடந்தால் கிங் வீதி. 504ஆம் இலக்க ஸ்ட்ரீட்கார். ரயிலில் வந்தவர்கள் அதே அட்டையைக் காட்டினால் இதற்குத் தனிக் காசு இல்லை. கண்ணாடிக் கோபுரங்கள் மெல்ல மெல்லக் குறைந்து, பழைய செங்கல் தொழிற்சாலைகள் வந்து, பாலம் ஒன்றின் கீழே நுழைந்து வெளியே வந்தால் பார்க்டேல். ஜேம்சன் அவெனியூவில் இறங்கினோம். றூபனும் ஐந்து பேரும் இருந்த கட்டடம் எதுவோ. இரண்டு பக்கமும் மண்ணிறத் தொடர்மாடிகள், பல்கனிகளில் சைக்கிளும் காயாத உடுப்பும். குயின் வீதிக்கு ஏறினால் திபெத்தியர்களின் மோமோக் கடைகள். எங்கள் ஆட்கள் முதலில் வந்து ஒதுங்கிய இடத்தில் இப்போது இன்னொரு மலைநாட்டுச் சனம் ஒதுங்கியிருக்கிறது.

மண்டபம் ஒரு பழைய தேவாலயம். பலகைத் தரை, உயர்ந்த ஜன்னல், இருநூறு கதிரை. வாசலில் பையைச் சோதித்த பெண் வடைப் பொட்டலத்தைத் தூக்கி, வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது என்றாள். பால் விடாத பிளேன்ரீ இருந்த ஃபிளாஸ்க்கையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"இது எனக்கில்லை. பாடுற பிள்ளைக்கு" என்றேன். துளசி ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, இரண்டையும் திரும்ப என் பையில் வைத்து, நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று திரும்பிக்கொண்டாள்.

கறுப்புச் சட்டை போட்ட துருக்கி இளைஞர்கள், பிள்ளைகளைத் தோளில் வைத்த தகப்பன்கள், மிஸ்ஸிசாகாவிலிருந்து வந்த நடுத்தர வயதுப் பெண்கள் நாலு பேர். சேலைக்காரி நான் ஒருத்திதான்.

நாலு மணி பத்து நிமிடத்துக்கு நெர்மின் வந்தாள். முப்பத்தொன்பது வயது. முன்மயிரில் ஒரு கற்றை நரைத்திருந்தது. கறுப்புக் காற்சட்டை, ஆண்களின் சேட்டு. படிக்கட்டில் பாடிய அதே நிற்கும் விதம்: ஒரு கால் முன்னே, மேல்படியில் ஏறப்போகிறவள் போல. குரல் இறங்கித்தான் இருந்தது. முன்பு தகரத்தைக் கிழிப்பது மாதிரி மேலே போகும் இடங்களில் இப்போது நிறுத்திவிட்டு ஒலிவாங்கியைச் சனத்தின் பக்கம் நீட்டினாள். இருநூறு பேரும் அவளுக்குப் பதிலாக மேலே போனார்கள். அவள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்கு ரொக் பாட்டு விளங்காது. அன்றைக்கு விளங்கியது.

பதினோராவது பாட்டுக்கு முன் தண்ணீர் குடித்தாள். போத்தலைக் கையில் வைத்துக்கொண்டே துருக்கியில் பேசத் தொடங்கினாள். துளசிக்கு ஒன்றும் தெரியாது. விரிப்பு விரிப்பாக நான் படித்த துருக்கிமொழி அப்போது உதவியது.

"இந்தப் பாட்டு எந்தக் காதலனுக்கு என்று பத்து வருடமாகக் கேட்கிறீர்கள். காதலன் இல்லை. எதிர்வீட்டு டெய்சே. அவர் ஊரில் தண்ணீருக்கு வேறு அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. நான் வாயைத் திறந்து ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லத் தெரியாமல் நின்றேன். அன்றிரவுதான் முதல் தடவையாக உட்கார்ந்து எழுதினேன். அதுவரை மற்றவர்களுடைய பாட்டைப் பாடிக்கொண்டிருந்தவள் நான். இத்தனை வருடம் எழுதியதெல்லாம் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட அந்த ஒரு வசனம்தான்."

பிறகு பாடினாள். துளசி என் பக்கம் குனிந்து, "என்னம்மா சொன்னவள்?" என்று கேட்டாள். நான் சொல்லத் தொடங்கினேன், முடியவில்லை. என்னைத் திட்டுகிற பாட்டு என்று பத்து வருடம் பயந்துகொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை 5.50

கச்சேரி முடிந்து மேசையடியில் நின்று இசைத்தட்டுகளில் கையெழுத்துப் போட்டாள். முப்பது பேர் வரிசை. ஒரு ஜேர்மன் வசனத்தை விமானத்திலிருந்தே பாடமாக்கி வைத்திருந்தேன். முன்னால் ஐந்து பேர், மூன்று பேர், ஒருவர். என் முறை வந்தது. வசனம் எங்கேயோ போய்விட்டது. வடைப் பொட்டலத்தை மேசையில் வைத்தேன்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, தமிழில், "சாப்பிட்டியோ?" என்றாள்.

நான் அவளிடம் கேட்டதை அப்படியே என்னிடம் கேட்டாள். பக்கத்தில் நின்ற துளசி சிரிப்பும் அழுகையுமாக வாயைப் பொத்திக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து நெர்மின் எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துப் பிடித்தாள். சேட்டில் வேர்வையும் சிகரெட்டும் மணந்தது.

"பிழை விட்டிட்டன் பிள்ளை" என்றேன். ஜேர்மனில் சொல்ல நினைத்தது தமிழில்தான் வந்தது. பிறகு ஜேர்மனிலும் சொன்னேன். "தெரிந்து பதினைந்து வருடமாகிறது. வெட்கத்தில் வரவில்லை. என்னை மன்னித்துவிடு."

"நானும் துளசியின் கடிதத்துக்குப் பதில் போடவில்லை டெய்சே. வெட்கம் உங்களுக்கு மட்டும் சொந்தமா?" என்றாள். பேசும்போது குரல் பாடும்போதையும் விடக் கரகரத்தது. துளசியிடம் திரும்பி, "எத்தனை தடவை கொலோனுக்குப் போயிருக்கிறாய்?" என்று கேட்டாள்.

"ஒரு தடவை."

"பார்த்தீர்களா டெய்சே? பாதிதான் ஊற்றவிட்டீர்கள். பாதித் தண்ணீருக்கு அவ்வளவுதான் வரும்."

வடையை அங்கேயே நின்று தின்றாள். வரிசையில் பின்னால் நின்ற நாலு பேருக்கும் கொடுத்தாள். அவர்களுக்கு ஆறேகாலுக்கு மொன்றியல் புறப்பட வேண்டும், ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். மேளம் அடிப்பவர் வானை ஸ்டார்ட் பண்ணிவிட்டார். அவசர அவசரமாகத் துளசியும் அவளும் தொலைபேசி இலக்கம் மாற்றிக்கொண்டார்கள். இனிப் பாடாமல் என்ன செய்வாய் என்று கேட்டேன். "எழுதுவேன். மற்றவர்கள் பாடட்டும்" என்றாள். பிறகு துளசியைத் தனியே இழுத்துக் காதில் எதையோ சொன்னாள். வானில் ஏறும்போது என் பக்கம் திரும்பி, சின்ன வயதில் எங்கள் வாசலில் சொல்வதைப் போலவே, "போட்டு வாறன்" என்றாள்.

வான் நகர்ந்தது. தண்ணீர் வேண்டும். மண்டபத்துக்குள் ஓடி வர நேரமில்லை. கையில் இருந்தது இஞ்சி போட்ட பிளேன்ரீ. தண்ணீர்தானே, கொஞ்சம் தேயிலை சேர்ந்த தண்ணீர். ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி, வான் போன தடத்தில் முழுவதையும் ஊற்றினேன். வெள்ளைப் பனியில் ஆவி பறந்தது. வானின் பின்கண்ணாடியில் ஒரு கை ஆடியது, வளைவு வரை ஆடிக்கொண்டே போனது.

"அம்மா, முழுக்க ஊத்திப்போட்டீங்கள். குடிக்க ஒண்டுமில்லை" என்றாள் துளசி.

புதன்கிழமை, காலை 10.15

புறப்படும் நாள். காந்தன் பெட்டியை நிறுத்துப் பார்த்து, இருபத்திரண்டு கிலோ, பரவாயில்லை என்றார். துளசி லீவு போட்டிருந்தாள். எனக்காக அவள் லீவு போட்டது இதுதான் முதல் தடவை. வாசலில் றூபனின் கார் நின்றது.

ஒரு ஊரை விட்டுப் போகும்போது அதை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் பழக்கம். கொலோனில் எனக்கு மூன்று மாடிப் படிக்கட்டு இருக்கிறது, எதிர்க் கதவில் இப்போது யாரோ ஒரு போலந்துக்காரர் இருக்கிறார். விட்பியில் என் மகளுக்கு ஒரே நிற வீடுகள் நூறு இருக்கின்றன. இரண்டு இடத்திலும் ஆள் போனால் கதவைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவோம். குளிர் அப்படி.

"துளசி, உள்ளை போ. கால் விறைக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். அவள் உள்ளே போனாள். நான் சொன்னதைக் கேட்கிறாளே என்று கொஞ்சம் மனவருத்தமாகவும் இருந்தது.

றூபன் காரைப் பின்னால் எடுத்துத் தெருவுக்கு இறக்கி முன்னே நகர்த்தினார். பத்து மீற்றர் போயிருக்காது. சடக்கென்று பிரேக் போட்டார். கண்ணாடியில் எதையோ பார்த்து அவருடைய முகம் மாறியிருந்தது.

"என்ன அக்கா உது? உங்கட மகள் காருக்குப் பின்னால தண்ணி ஊத்துறா! உயிரோட போற ஆளுக்கு உது என்ன வேலை? இறங்கிக் கேக்கட்டோ?"

திரும்பிப் பார்த்தேன். மேல்சட்டை கூடப் போடாமல், காந்தனின் பெரிய சப்பாத்துக்குள் காலை விட்டுக்கொண்டு, துளசி தெருவில் நின்றாள். கையில் தேத்தண்ணிக் கேத்தல். ஆவி பறந்தது. பனி கட்டக் கூடாதென்று சுடச்சுடக் கொண்டுவந்திருக்கிறாள். நெர்மின் காதில் சொன்னது இதுதான்.

கார் நின்றதைக் கண்டு அவளும் ஊற்றுவதை நிறுத்திவிட்டாள். பதினேழு வருடத்துக்கு முன் நெர்மின் முகத்தில் கண்ட அதே பயம் அவள் முகத்தில் இருந்தது. றூபன் கார்க் கதவில் கையை வைத்தார். நான் அவருடைய தோளைப் பிடித்தேன்.

"இறங்காதையுங்கோ தம்பி. அது நான் திரும்பி வாறதுக்கு. காரை எடுங்கோ, மெல்லமாப் போங்கோ. முழுக்க ஊத்தி முடிக்கட்டும். போன முறை பாதியில நிண்டது."

றூபன் ஒன்றும் விளங்காமல் பிரேக்கை விட்டார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். துளசி கேத்தலைத் தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை உதறினாள்.